அவள் உள்ளே போயிருப்பாளா?

தியேட்டர் வாசலில் மைக்கோடு நிற்கிற உங்களையெல்லாம் இப்போது நான் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்க்கிறேன். படம் முடிந்து கூட்டத்தோடு வெளியே வரும்போது யாராவது ஒரு தம்பி என் முகத்துக்கு நேராக மைக்கை நீட்டி, "அம்மா, படம் எப்பிடி? ஒரே வார்த்தையில சொல்லுங்க" என்கிறார். நானும் ஒரே வார்த்தையில் "நல்லாயிருக்கு" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுகிறேன். முடி கறுப்பாக இருந்த காலத்திலிருந்து நரைத்த காலம் வரை நானும் இதே வேலையைத்தான் பார்த்தேன் என்று அந்தத் தம்பிக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்சம் நல்ல கேள்வியாகக் கேட்டிருப்பாரோ என்னவோ.

எங்கள் குடும்பம் போடி கடைவீதியில் ஜவுளி வியாபாரம் செய்த குடும்பம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் நான் வேதபாடம் வாசிப்பதைக் கேட்ட யாரோ, "அந்தப் பொண்ணு குரல் தெளிவா இருக்கு" என்று கேபிள் சேனல் முதலாளியிடம் சொல்லியிருக்கிறார்கள். அப்படித்தான் உள்ளே போனேன். முதலில் எந்தத் தெருவுக்குத் தண்ணீர் வராது, எந்த வீட்டில் துக்கம் என்று அறிவிக்கிற வேலை. பிறகு உள்ளூர்ச் செய்தி. அதற்குப் பிறகு, வெள்ளிக்கிழமை தோறும் தியேட்டர் வாசலில் நின்று ரசிகர்களின் கருத்தை வாங்கி மாலையில் ஒளிபரப்புகிற நிகழ்ச்சி. ஓய்வு பெறும்வரை அதைத்தான் செய்தேன்.

உங்களுக்குக் கேமரா பிடிக்கவும் எடிட்டிங் செய்யவும் நான் சொல்லித்தர வேண்டியதில்லை. என்னைவிட நன்றாகவே செய்கிறீர்கள். நான் சொல்ல வந்தது, மைக்கில் ஒருவர் எதிர்பாராத ஒன்றைச் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்பதைப் பற்றி. அதற்கு விதி ஒன்றும் கிடையாது. என்னிடம் இருப்பது நடந்த ஒரு சம்பவம்தான்.

என் வேலையின் கடைசிக் காலத்தில் பழைய படங்களைத் துலக்கி மறுபடியும் திரையிடும் பழக்கம் நம் பக்கமும் வந்தது. கம்பத்தில் ஒரு தியேட்டரில் ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைப் போட்டார்கள். கொலைப்படம்தான், ஆனால் கத்தியோ துப்பாக்கியோ துரத்தலோ இல்லாத படம். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்கள் உடனே போனை எடுத்து, மற்றவர்கள் அதைப்பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று படித்துவிடுவீர்கள். அதன்பிறகு உங்களுக்கென்று ஒரு கருத்து இருக்காது.

கதை இதுதான். ஒரு மலையடிவார ஊரில் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் ஒருவன். ஊரே அவனைத் தங்கமான மனிதன் என்கிறது. அந்த ஊரில் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். மருந்தில் விஷம் வைப்பது அவன்தான் என்பது இடைவேளைக்கு முன்பே நமக்குத் தெரிந்துவிடும். அவனுக்கு ஒரு தங்கை. இருவரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். அவளுக்கு உண்மை கொஞ்சம் கொஞ்சமாகப் புரிகிறது. புரிந்த பிறகும் தினமும் அண்ணனுக்குச் சோறு போடுகிறாள், சட்டைக்குப் பித்தான் தைக்கிறாள், பேசுகிறாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்பது அவனுக்குத் தெரியுமா என்பதுதான் நம்மை நாற்காலி நுனியில் உட்கார வைக்கிற விஷயம். கடைசிக் காட்சியில் இரண்டே இரண்டு ஷாட்டுகள். வீட்டில் இலையைப் போட்டு, சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிற அண்ணன். போலீஸ் ஸ்டேஷன் படியில் மழையில் நிற்கிற தங்கை. அவள் உள்ளே போனாளா, திரும்பினாளா என்று காட்டாமலே படம் முடிந்துவிடும்.

முதல் நாள் மத்தியானக் காட்சிக்கு நானும் கேமராமேன் முத்துராசுவும் உள்ளே போய் உட்கார்ந்து பார்த்தோம். படம் பார்க்காமல் கருத்துக் கேட்கக்கூடாது என்பது எனக்கு நானே வைத்துக்கொண்ட கட்டாயம். அத்தனை வருஷமாகப் படம் பார்த்தவள் நான். ஆனாலும் அந்தத் தங்கை ரசத்தை ஊற்றும்போது அண்ணன் அவள் கையையே பார்க்கிற ஒரு காட்சியில் எனக்குப் பின்கழுத்து சில்லிட்டது. அந்த நடிகை அழவே மாட்டாள். ஒரு கரண்டியைப் பிடிக்கிற விதத்திலேயே அவள் மனதில் ஓடுவதெல்லாம் நமக்குத் தெரிந்துவிடும். எப்பேர்ப்பட்ட படம் என்று சொல்லிக்கொண்டே வெளியே வந்தேன்.

வெளியே வந்த ஜனங்களும் அப்படித்தான் இருந்தார்கள். வழக்கமாகக் கேமராவைக் கண்டால் கை காட்டிக் கத்துகிற கூட்டம், அன்று தங்களுக்குள் பேசிக்கொண்டே வந்தது. நான் "படம் எப்பிடி" என்று கேட்கவில்லை. "எந்த இடத்துல உங்களுக்கு மூச்சு நின்னுச்சு?" என்று கேட்டேன். கேள்வி சரியாக இருந்தால் நம் ஜனங்கள் சொல்கிற பதிலுக்கு ஈடே கிடையாது.

குச்சனூரிலிருந்து வந்த ஒரு விவசாயி, "பாட்டு இல்லாத இடந்தான்க்கா பயமா இருந்துச்சு. செவுத்துக் கடிகாரம் மட்டும் ஓடுது பாருங்க, அங்கன எனக்கு வேர்த்துருச்சு" என்றார். போடியில் மருந்துக்கடை வைத்திருப்பவர் ஒருவர், "நாளைக்கு என் கடைக்கு வர்றவுக எல்லாம் மாத்திரையைத் திருப்பித் திருப்பிப் பாப்பாக" என்று சிரிக்காமல் சொல்லி மற்றவர்களைச் சிரிக்க வைத்தார். குமுளியிலிருந்து இறங்கி வந்திருந்த இரண்டு நர்சுகள் பாதி மலையாளமும் பாதி தமிழுமாக, "ஆ சேச்சியோட கண்ணு மதி, வேற வசனமே வேண்டா" என்றார்கள், அந்த அக்கா கண்ணே போதுமாம். எனக்கு உடம்பெல்லாம் சந்தோஷம். படத்தை எடுத்தவர்கள் இதைக் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு பேச்சு கடைசிக் காட்சிக்கு வந்தது. அவள் உள்ளே போயிருப்பாளா, மாட்டாளா? ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். கூட்டம் எங்களைச் சுற்றி வட்டமாக நின்றுவிட்டது. வெள்ளை வேட்டி கட்டிய பெரிய மனிதர் ஒருவர், தேங்காய் வியாபாரி, மைக்கை என் கையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"இதுல என்ன சந்தேகம்? கூடப் பொறந்தவனைக் காட்டிக் குடுத்துட்டு ஒரு பொம்பள நிம்மதியா இருந்துர முடியுமா? அதான் படியிலயே நிக்கிறா. திரும்பித்தான் போயிருப்பா. போயி அண்ணனுக்குச் சோத்தைப் போட்டிருப்பா. உள்ள போயிருந்தா அவ பொம்பளயே இல்ல."

நாலைந்து பேர் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அப்போது வட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. சத்தமான குரல் இல்லை.

"அவ உள்ள போயிருப்பா."

நாற்பதைத் தாண்டிய பெண். தோளில் பை, காலையில் வைத்த பூ வாடிய தலை. தனியாகப் படத்துக்கு வந்திருந்தாள். நான் மைக்கை அவள் பக்கம் நீட்டினேன். பெயர் செல்வராணி என்றும், கூடலூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர் என்றும் சொன்னாள்.

"எப்பிடிம்மா அவ்வளவு உறுதியா சொல்றீக?" என்று வியாபாரி கேட்டார்.

"நான் போனேன்" என்றாள் அவள்.

அவள் என்னைப் பார்த்துப் பேசவில்லை, கேமராவைப் பார்த்தும் பேசவில்லை. மைக்கைப் பார்த்துப் பேசினாள்.

"எங்க அண்ணன் ஜீப்பு ஓட்டுச்சு. ஏலக்காத் தோட்டத்துக்கு ஆளேத்திக்கிட்டுப் போற ஜீப்பு. ஒருநா வெள்ளன வண்டியக் கழுவிக்கிட்டு நின்னுச்சு. முன்னாடி லைட்டு ஒடஞ்சிருந்துச்சு. நான் ஒண்ணும் கேக்கல, அதுவும் சொல்லல. அப்பறம் பாத்தா ரோட்டோரம் ஒரு பெரியவர் அடிபட்டுச் செத்துக் கெடந்தாருன்னு பேச்சு. விசாரிக்கணும்னு போலீசுல வேற ஒரு டிரைவரைக் கூட்டிட்டுப் போயிட்டாக. அந்த டிரைவர் பொண்டாட்டிதான் எங்க சத்துணவுக் கூடத்துல சமைக்கிறவ. அரிசியக் களஞ்சுக்கிட்டே அழுதா. அவ அழுகையக் கேட்டுக்கிட்டே நான் எப்பிடிப் பிள்ளைகளுக்குச் சோறு போட? வீட்டுக்குப் போயி சேலைய மாத்திக்கிட்டு டேசனுக்குப் போனேன். நானும் வாசல்ல நின்னேன். ரொம்ப நேரம் நின்னேன். ஆனா உள்ள போயிட்டேன்."

முத்துராசு கேமராவை அசைக்காமல் பிடித்திருந்தார். அவர் மூச்சுவிடுவது எனக்குக் கேட்டது. இப்படி ஒரு பதிவு ஆயிரத்தில் ஒருமுறை கிடைக்கும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

அந்த நேரம் பார்த்து வியாபாரிக்கு ஏதோ நினைவு வந்துவிட்டது. "ஏம்மா, நீ ஜீப்பு பாண்டி தங்கச்சில்ல?" என்றார்.

பெயர் வந்ததும் கூட்டம் மாறிவிட்டது. எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். "யாரு, எந்தப் பாண்டி" என்று ஒருவர் கேட்க, இன்னொருவர் விளக்க ஆரம்பித்தார். ஒருவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். அவள் முகம் வெளுத்துவிட்டது. சுற்றிலும் ஆள், வெளியேற வழி இல்லை. இன்னும் கொஞ்ச நேரம் விட்டால் படத்தை விட்டுவிட்டு அவளை விசாரிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

அந்த இடத்தில் நான் நிறுத்தச் சொல்லிக் கத்தவில்லை. கத்தினால் கூட்டம் இன்னும் நெருங்கும். எனக்கு அத்தனை வருஷத்தில் தெரிந்த ஒரே விஷயம், ஜனங்கள் மைக் போகிற திசையில்தான் திரும்புவார்கள் என்பது. சட்டென்று மைக்கை எடுத்துக்கொண்டு தியேட்டர் படிக்கட்டுப் பக்கம் நாலடி நடந்து, "அண்ணாச்சி, நீங்க வாங்க. இலையைப் போட்டுட்டு அண்ணன்காரன் சாப்பிடாம உக்காந்திருக்கானே, அது ஏன்னு நெனக்கிறீக?" என்று வியாபாரியைக் கூப்பிட்டேன். அவருக்குக் கேமரா என்றால் பிரியம். வேட்டியைச் சரிசெய்துகொண்டு வந்துவிட்டார். முத்துராசுவும் புரிந்துகொண்டு கேமராவைத் திருப்பினார். கூட்டமும் திரும்பியது. போனை எடுத்தவரையும் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்டேன். அவர் போனைப் பைக்குள் வைத்துவிட்டு முடியைக் கோதிக்கொண்டார். அந்த இடைவெளியில் செல்வராணி வெளியே போய்விட்டாள். வியாபாரி என்ன பதில் சொன்னார் என்று இன்றைக்கும் எனக்கு நினைவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு எதிரே இருந்த பேக்கரியில் அவளைப் பார்த்தேன். டீயை வாங்கி வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"சொன்னதை டிவியில போடுவீகளாக்கா?" என்று கேட்டாள்.

"உனக்குப் போடணுமா?"

"போட்டுருங்க. அண்ணன் பாக்கட்டும். ஜெயில்ல இருந்து வந்ததுக்கப்பறம் ஊருக்கே வரல. பண்ணைப்புரத்துல ஒரு தோப்புல காவலுக்கு இருக்குதாம். நான் போயி நின்னா மூஞ்சியத் திருப்பிக்கிருமோன்னு போகல. டிவியில பாத்தா மூஞ்சியத் திருப்ப முடியாதுல்ல."

நியாயமாகத்தான் சொன்னாள். அவளே போடச் சொல்கிறாள், எனக்கு என்ன தடை? ஆனால் அப்படி ஒரு படத்தைப் பார்த்துவிட்டு, அத்தனை பேர் முன்னால் தன் வாழ்க்கையைச் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறவளிடம் வாங்குகிற சம்மதம் சம்மதம்தானா என்று எனக்குத் தோன்றியது. படம் அவளை உலுக்கியிருந்தது. நல்ல படம் அதைத்தான் செய்யும். அந்த உலுக்கல் அடங்கிய பிறகும் அவள் இதையே சொன்னால் போடலாம்.

"நாளைக்குக் காலையில உன் வீட்டுக்கு வர்றேன். அப்பவும் போடுன்னு சொன்னா, ஒரு எழுத்துக்கூட வெட்டாமப் போடுறேன்" என்றேன்.

"இன்னைக்கே சொல்றேனேக்கா."

"நாளைக்கும் சொல்லு."

வேண்டாவெறுப்பாகத் தலையாட்டினாள். போன் நம்பரைக் குறித்துக்கொண்டேன்.

ஆபீசுக்குப் போவதற்குள் முதலாளியிடமிருந்து போன் வந்துவிட்டது. கூட்டத்தில் நின்று, பேக்கரியிலும் எங்கள் பேச்சைக் கேட்டவர்கள் யாரோ சொல்லியிருக்கிறார்கள். முதலாளி கெட்டவர் இல்லை. ஆனால் அந்தச் சமயம் கேபிள் தொழில் ரொம்ப மோசமாக இருந்தது. வீட்டுக்கு வீடு போனிலேயே படம் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். எங்கள் சேனலை யாராவது பார்க்க வேண்டுமென்றால் இப்படி ஒன்று வேண்டும்.

"சாயந்தரமே போட்டுருங்கம்மா" என்றார். "அந்தம்மாவே போடச் சொல்லியிருக்காகளாமே."

"நாளைக்குக் கேட்டுட்டுப் போடலாம் சார்."

"நாளைக்கு யாராவது போன்ல எடுத்ததைப் போட்டுருவான். அப்பறம் நமக்கு என்ன இருக்கு? நீங்களே யோசிச்சுப் பாருங்க. இது மாதிரி நம்ம சேனல்ல எப்ப வந்துச்சு?"

"சார், அந்தம்மா திரும்ப அதே பள்ளிக்கூடத்துக்குப் போகணும். சமைக்கிறவுக முகத்தையும் செத்தவரோட குடும்பத்தையும் பாக்கணும். நாம போட்டுட்டு அடுத்த படத்துக்குப் போயிருவோம். அவுக எங்க போறது?"

கோபத்தில் போனை வைத்துவிடுவார் என்று நினைத்தேன்.

"நாளைக்கு வேணாம்னு சொல்லிட்டாகன்னா?"

"போட வேணாம்."

"உங்களை வச்சுக்கிட்டு நான் சேனல் நடத்துறேன் பாருங்க" என்றார். அவர் பாஷையில் அதற்குச் சரி என்று அர்த்தம். அன்று மாலை விவசாயியும் மருந்துக்கடைக்காரரும் நர்சுகளும் வந்தார்கள். நிகழ்ச்சி நன்றாகவே இருந்தது. முதலாளி திட்டவில்லை. பாராட்டவும் இல்லை.

மறுநாள் காலையில் முத்துராசுவின் பைக்கில் கூடலூர்ப் பக்கம் போனோம். கேமராவை எடுத்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். லேப்டாப் மட்டும் இருந்தது. செல்வராணி வீட்டு வாசலைக் கழுவிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும், "வருவீகளா மாட்டீகளான்னு நெனச்சேன்" என்று உள்ளே கூட்டிப் போனாள். அவள் மட்டும் தனியாக இருக்கிற வீடு. கல்யாணம் ஆகவில்லை, பேச்சு வந்த இடமெல்லாம் அண்ணன் கதை தெரிந்ததும் நின்றுபோனது என்று முத்துராசுவிடம் பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். அதற்காக வருத்தப்படுகிற மாதிரி தெரியவில்லை.

நான் லேப்டாப்பைத் திறந்து அவள் பேசியதை அவளுக்கே போட்டுக் காட்டினேன். இதை உங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வேன். முடிந்தால் பேசியவருக்கு அவர் பேச்சைக் காட்டுங்கள். நாம் கேட்கிறதும் அவர்கள் கேட்கிறதும் வேறு.

முழுதும் பார்த்தாள். "அரிசியக் களஞ்சுக்கிட்டே அழுதா" என்ற இடம் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டாள். முடிந்ததும் மறுபடி போடச் சொன்னாள். இரண்டாவது முறை பார்த்துவிட்டு ரொம்ப நேரம் யோசித்தாள். முத்துராசு எழுந்து வெளியே போய் நின்றுகொண்டார்.

"அக்கா, நீங்க என்கிட்ட கேட்டது படத்தைப் பத்தி" என்றாள்.

"ஆமா."

"நான் சொன்ன பதிலும் அதுல இருக்கு. மிச்சம் அண்ணன்கிட்ட சொல்ல வேண்டியது. ஊருக்கு எதுக்கு? சமைக்கிறவ அழுததை ஊருக்குச் சொல்ல நான் யாரு?" என்றாள். பிறகு, "அவ உள்ள போயிருப்பாங்கிற வரைக்கும் வச்சுக்கோங்க. அதுக்கப்பறம் ஒண்ணு கேளுங்க, புதுசா சொல்றேன்."

கேமரா இல்லை என்று சொன்னேன். முத்துராசு உள்ளே வந்து, "போன்ல எடுக்கலாம்க்கா, நல்லா வரும்" என்றார். வாசல் வெளிச்சத்தில் உட்கார வைத்து எடுத்தோம். நான் கேட்டேன், அந்தத் தங்கையைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்று.

செல்வராணி சொன்னது இவ்வளவுதான்: "அவளுக்கு அண்ணன் மேல பாசம் இல்லன்னு சொல்றாக. பாசம் இல்லாதவ எதுக்கு மழையில நிக்கப் போறா? போற வழியில அவபாட்டுக்கு உள்ள போயிச் சொல்லிட்டுப் போயிருக்கலாமே. அந்தப் பொண்ணு நல்லா நடிச்சிருக்கு. யார்கிட்டயோ கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் நடிச்சிருக்கும்."

அதைத்தான் போட்டோம். முதல் நாள் பேசியதிலிருந்து "அவ உள்ள போயிருப்பா" என்ற ஒரு வரி, மறுநாள் பேசியதிலிருந்து இந்த நாலு வரி. முதலாளி பார்த்தார். "இதுல எங்கம்மா பரபரப்பு?" என்று கேட்டார். ஆனால் நிகழ்ச்சி முடிந்து ஆபீசுக்கு வந்த போன் எல்லாம் அவளைப் பற்றித்தான். அந்த அம்மா சொன்னதுதான் சரி என்றார்கள் பாதிப்பேர். தப்பு என்றார்கள் பாதிப்பேர். ஒருவர் கூட அவள் யார் என்று கேட்கவில்லை. படத்தைப் பற்றித்தான் சண்டை போட்டார்கள். கம்பத்தில் கூட்டம் கூடியது. உத்தமபாளையம், சின்னமனூரிலிருந்தெல்லாம் குடும்பத்தோடு வந்து பார்த்தார்கள். பழைய படத்துக்கு இப்படிக் கூட்டத்தை நான் பார்த்ததில்லை என்று தியேட்டர் மேனேஜர் சொன்னார்.

படம் தூக்குகிற கடைசி நாள். மறுபடியும் மத்தியானக் காட்சிக்குப் போய் வாசலில் நின்றோம். கூட்டமெல்லாம் போன பிறகு ஒருவர் தனியாக வந்தார். காக்கிச் சட்டை, நரைத்த தாடி. சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கருத்துச் சொல்ல ஆசைப்படுகிறார், கூச்சப்படுகிறார் என்று நினைத்து நான் மைக்கோடு போனேன். கையை நீட்டித் தடுத்தார்.

"மைக்கு வேணாம். கேமராவும் வேணாம். ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போயிருறேன்."

முத்துராசு கேமராவை இறக்கினார்.

"தோப்புல முதலாளி வீட்டு டிவியில உங்க சேனலு ஓடுச்சு. எங்க தங்கச்சி பேசுனதைப் பாத்தேன். அதான் படத்தைப் பாத்துட்டுப் போவோம்னு வந்தேன்."

அவர் யார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஒன்றும் காட்டிக்கொள்ளாமல், "படத்துல எந்த இடம் உங்களுக்குப் பட்டுச்சு?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. வேலையில் பழகிய கேள்வி வந்துவிட்டது.

"எல்லாரும் அந்தப் பொண்ணைப் பத்தியே சொல்றீக. அவன் உக்காந்திருக்கானே, அதை யாரும் சொல்லலையே" என்றார். "இலையைப் போட்டு உக்காந்திருக்கான். அவ எங்க போயிருக்கான்னு அவனுக்குத் தெரியும். கதவு தெறந்துதான் கெடக்கு. ஓடல பாருங்க. அவ போயிச் சொல்லட்டும்னுதான் உக்காந்திருக்கான். அவனால வாயத் தெறந்து சொல்ல முடியல. அவ சொல்லிட்டான்னா இவன் பாரம் எறங்கிரும்."

நான் அந்தப் படத்தை நாலு தடவை பார்த்திருந்தேன். எத்தனையோ பேரிடம் கருத்து வாங்கியிருந்தேன். இப்படி ஒருவரும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அந்தப் படத்தை எடுத்த மனிதர் மனதில் இதுதான் இருந்திருக்கும் என்று அந்த நிமிஷம் நம்பினேன். இப்போதும் நம்புகிறேன்.

"அன்னைக்கி மத்தியானம் அவ வீட்டுக்கு வந்து நல்ல சேலை மாத்துனா" என்றார். குரல் இறங்கிவிட்டது. "அந்த நேரத்துல அவ வரவே மாட்டா. நான் கதவோரம் கட்டில்ல கெடந்தேன். எந்திரிச்சு எங்க போறன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா அவ போயிருக்க மாட்டா. நான் கண்ணை மூடிக்கிட்டேன். தூங்குறேன்னு நெனச்சுக்கிட்டுப் போனா. இன்னைக்கி வரைக்கும் அப்பிடித்தான் நெனச்சுக்கிட்டு இருப்பா."

"இதை அவுககிட்ட சொன்னதில்லையா?"

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்ல? ஒரு மனுசனை ரோட்டுல போட்டுட்டு வந்தவன் நான். அவ என்னால ஒத்தையில நிக்கிறா. நீங்க பாத்தீகன்னா சொல்லிருங்க."

இந்த இடத்தில்தான் நீங்கள் யோசிக்க வேண்டும். சொல்லிவிடுகிறேன் என்று நான் வாக்குக் கொடுத்திருக்கலாம். ஒரு கருத்தை ஒருவரிடமிருந்து வாங்கி இன்னொருவரிடம் சேர்ப்பதுதானே நம் வேலை. ஆனால் இது என் வாய் வழியாகப் போக வேண்டிய விஷயம் இல்லை என்று தோன்றியது. நான் சொன்னால் அவளுக்குச் செய்தி கிடைக்கும், அண்ணன் கிடைக்க மாட்டார்.

"கொஞ்சம் இருங்க" என்று சொல்லிவிட்டுத் தள்ளிப்போய் செல்வராணிக்குப் போன் போட்டேன். அந்தப் பக்கம் பாத்திரம் உருட்டுகிற சத்தம் கேட்டது.

"செல்வராணி, உங்க அண்ணன் இங்கன தியேட்டர் வாசல்ல நிக்கிறாக. படம் பாத்துட்டு வந்திருக்காக. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருக்காக. பேசுறியா? வேணாம்னாலும் சரி, நான் வேற ஏதாச்சும் சொல்லி அனுப்பிச்சிருறேன்."

பாத்திரச் சத்தம் நின்றது. அவள் வெளியே எங்கோ நடந்து போகிறாள் என்று தெரிந்தது. காற்றுச் சத்தம் வந்தது.

"கோவமா இருக்குதா?" என்று கேட்டாள்.

"அப்பிடித் தெரியல."

"குடுங்க."

நான் திரும்பிப் போய் போனை அவரிடம் நீட்டினேன். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். காதில் வைத்துக்கொண்டு சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் திரும்பி நின்றார். பிறகு, "பாப்பா" என்றார்.

முத்துராசு என்னைப் பார்த்தார். கேமரா அவர் இடுப்பருகில் தொங்கியது. எடுக்கட்டுமா என்று அவர் கேட்கவில்லை, எனக்கும் வேண்டாம் என்று சொல்லத் தேவைப்படவில்லை. மைக் ஒயரைச் சுற்றிக்கொண்டே, அவர்கள் பேசுவது காதில் விழாத தூரத்துக்கு இருவரும் நடந்து போனோம். போஸ்டரைக் கிழித்துக்கொண்டிருந்த தியேட்டர் ஆட்களைப் பார்த்துக்கொண்டு நின்றோம். டீ வாங்கினோம். ஆறிப்போனதால் இன்னொன்று வாங்கினோம்.

அவர்கள் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. பின்னால் செல்வராணியைப் பார்த்தபோதும் கேட்டதில்லை.

ரொம்ப நேரம் கழித்து அவர் எங்களைத் தேடி வந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. போனை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"சூடாயிருச்சுக்கா உங்க போனு" என்று என்னிடம் கொடுத்துவிட்டு, கூடலூர் பஸ் நிற்கிற பக்கம் ரோட்டைக் கடந்து போனார்.